பென்சிலில் எழுத வேண்டிய சொல்

அருங்காட்சியகத்தின் பின்கட்டடத்தில், மாடிப்படி ஏறியதும் இடப்பக்கம் இருக்கிற அறைக்கு யாரும் வழி கேட்டுக்கொண்டு வருவதில்லை. வழி தவறித்தான் வருவார்கள். கழிப்பறை எங்கே என்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அகராதியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கீழ, படிக்கட்டுக்குப் பின்னாடி" என்பார். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் பொதுமக்களுக்கு அவர் செய்த உபகாரம் அது ஒன்றுதான் என்று இயக்குநர் கேலி செய்வதுண்டு. அதில் பாதி உண்மையும் உண்டு.

அதனால் அன்று காலை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றபோதும், அகராதியம்மா தலையைத் தூக்காமலே, "கீழ, படிக்கட்டுக்குப் பின்னாடி" என்றார்.

"இல்லைம்மா. உங்களைத்தான் பார்க்கணும். நான் கடப்பாரையோட சம்சாரம்."

கடப்பாரை என்பவர் ஊருக்கு வெளியே நடக்கிற அகழாய்வில் வேலை செய்கிறவர். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது, அது யாருக்கும் நினைவில்லை. பத்தாள் முக்கியும் அசையாத கல்லை, ஒரு கடப்பாரையையும் நாலு மரக்கட்டையையும் வைத்துக்கொண்டு, ஓரத்தில் நகக்கண் அளவுகூடச் சிதையாமல் தூக்கி வைக்கிற கை அவருடையது. ஏழு மாதத்துக்கு முன்னால் மலைச்சரிவில் ஒரு கல்லறை வாசல் தட்டுப்பட்டபோது, அதை அடைத்திருந்த பலகைக் கல்லைத் தூக்கியவர் அவர்தான். கல்லின் முகத்தில் நாலு வரி எழுத்து இருந்தது. லிடியன் எழுத்து.

லிடியன் என்பது அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் பேசிய, செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிவிட்ட ஒரு மொழி. அதற்கு அகராதி தொகுப்பதுதான் அகராதியம்மாவின் பிழைப்பு. அந்த மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்தை வாய்விட்டுப் படித்துவிடலாம். படித்ததற்கு என்ன பொருள் என்பதுதான் பாதிக்கு மேல் தெரியாது. கிடைத்திருப்பது மொத்தம் நூற்றுச் சொச்சம் வாசகங்கள். பெரும்பாலும் கல்லறையில் வெட்டியவை: இது இன்னாருடைய இடம், இதற்குக் கேடு செய்கிறவன் நாசமாய்ப் போக. "உங்க ஆளுங்களுக்குச் சாபம் கொடுக்கத் தெரியும், சாப்பிட்டியான்னு கேக்கத் தெரியாது" என்பார் இயக்குநர். ஒரே ஒரு கல்லில் தலைகாட்டிவிட்டு அப்புறம் எங்குமே வராத சொற்களும் அதில் ஏராளம். அவற்றுக்கு அலுவலகத்தில் ஒண்டிக்கட்டை என்று பெயர். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாத அகராதியம்மாவே வைத்த பெயர் அது, ஆகையால் யாரும் சிரிக்கத் தயங்கியதில்லை.

வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தையற்கடையில் சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவளாம். வலது கட்டைவிரலில் ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்திருந்தது. கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து மேசைமேல் விரித்து, மடிப்பைக் கையால் நீவினாள்.

அகராதியம்மாவுக்கு அந்தப் படம் நன்றாகத் தெரியும். வீட்டில் அவரும் ஒன்று வைத்திருந்தார். நடுவில் பலகைக் கல். ஒரு பக்கம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவள் புருஷன். மறுபக்கம் அகராதியம்மா, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில்: 'திறந்தவனின் பிள்ளை அழிக: கல்லறை வாசலில் பழங்காலச் சாபம்.'

"அப்ப நான் ஆறு மாசம்," என்றாள் அவள். "படத்துல அவர் இருக்காருன்னு கடையில எல்லாருக்கும் காட்டினேன். கண்ணாடி போட்டு மாட்டலாம்னுகூட இருந்தேன். மூணு மாசம் கழிச்சுக் குழந்தை பொறந்துச்சு. பொறக்கும்போதே உயிரில்லை."

தையலுக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னாள். அகராதியம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அன்னையிலிருந்து அவர் வீட்டுல இல்லைம்மா. நாலு மாசமாச்சு. தோண்டுற இடத்துல சாமான் போடுற ஷெட்டுலதான் படுக்கை. எனக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. தான் பக்கத்துல வந்தா அவளுக்கும் ஏதாவது ஆயிடும்னு பயம். வீட்டுக்கு வேண்டியதை வாங்கிட்டு வந்து வாசல்ல வச்சுக் கதவைத் தட்டிட்டுப் போயிடுவாரு. இவ ஓடிப்போய்த் திறப்பா. அதுக்குள்ள தெருக்கோடியில இருப்பாரு. இவ பின்னாடியே ஓடினா அவரும் ஓடுறாரு. பெத்த பொண்ணைப் பார்த்து நடுத்தெருவுல ஓடுற மனுஷனை நீங்க பார்த்திருக்கீங்களா? நான் பார்க்கிறேன், வாரத்துக்கு ரெண்டு தடவை."

செய்தித்தாள் துண்டை மறுபடி நாலாக மடித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சொல்லுக்குப் பிள்ளைன்னுதான் அர்த்தமா?"

"நான் பார்த்துச் சொல்றேன்ம்மா," என்றார் அகராதியம்மா.

"பார்க்காமலா பேப்பர்ல சொன்னீங்க?"

குத்திக்காட்டும் குரலில்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அகராதியம்மாவுக்குக் காது மடல் சுட்டது. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்து, முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்.

அவள் போனதும் எழுந்து போய் இரும்பு அலமாரியில் நாலாவது இழுப்பறையைத் திறந்தார். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. ஆயிரத்துச் சொச்சம் அட்டைகள். அந்த அலுவலகத்தில் அட்டை எழுத ஒரு சட்டம் உண்டு. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த சட்டம். நிச்சயமாகத் தெரிந்த பொருளை மையால் எழுத வேண்டும். ஊகத்தைப் பென்சிலால் எழுத வேண்டும். மூன்று வெவ்வேறு கல்லில் ஒரே பொருள் தடையில்லாமல் பொருந்தினால்தான் பென்சிலுக்கு மேல் மை ஏறலாம். இதில் யாருக்கும் விலக்கில்லை. இயக்குநரே ஒருமுறை அவசரப்பட்டு மை போட்ட ஓர் அட்டையை அகராதியம்மா அவர் கண்முன்னாலேயே கிழித்துப்போட்டிருக்கிறார், அவ்வளவு கறார்.

அந்தச் சொல்லின் அட்டையில் 'பிள்ளை' என்பது கறுப்பு மையில் இருந்தது. எழுதியிருப்பது அவருடைய கையெழுத்து.

இருபது வருஷம் அது ஒண்டிக்கட்டையாகத்தான் கிடந்தது. உடைந்த ஒரு கல்லில், 'மனைவி' என்ற சொல்லுக்கு அடுத்து வந்தது. மனைவிக்கு அடுத்து பிள்ளைதானே என்று அகராதியம்மா ஒரு கட்டுரை எழுதினார். இருக்கலாம் என்றார்கள் சிலர், பார்க்கலாம் என்றார்கள் சிலர். அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான். பென்சிலில்தான் எழுதி வைத்திருந்தார். அப்புறம் மலைச்சரிவில் அந்தப் பலகைக் கல் எழுந்தது. மூன்றாவது வரியில் அதே சொல். திறக்கிறவனுடைய வீடும் நிலமும் இன்னதும் அழிக என்று வரிசை போகிறது. அந்த இன்னது இருந்த இடத்தில் பிள்ளையைப் போட்டுப் பார்த்தார், பொருந்தியது. அவர் உடம்பே புல்லரித்துவிட்டது. அன்று மாலையே அலுவலகத்துக்கு ஓடி வந்து மையைத் தொட்டுவிட்டார். மூன்று கல் வேண்டும் என்ற சட்டம் அன்றைக்கு மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

பொருந்தியதாம். சாபத்தில் எதுதான் பொருந்தாது? கூரை அழிக, மாடு அழிக, தோட்டம் அழிக, கிணறு அழிக. ஒரு மனிதன் இழக்கக்கூடிய எதைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாலும் அச்சாகப் பொருந்தும். இது முதல் வருஷம் படிக்கிறவர்களுக்கே தெரியும். ஆசை வந்தால் அறிவு வெளியே போய் நின்றுகொள்கிறது, வேறென்ன.

இன்னொன்றும் அவருக்கு நினைவு வந்தது, வந்திருக்க வேண்டாம். படம் எடுத்த அன்று, நிருபர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவர் கடப்பாரையின் பக்கம் திரும்பி, "பார்த்துங்க, நீங்கதான் திறந்தவர். பிள்ளைங்களைப் பத்திரமா பார்த்துக்கங்க" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கடப்பாரையும் சிரித்தார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்.

மத்தியானம் இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னார். இயக்குநர் நல்ல மனிதர், எதையும் சுலபமாக முடிக்கத் தெரிந்தவர்.

"இதுல என்ன இருக்கு? கூரைன்னு சொல்லிடுங்க. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுன்னு இருக்கு, பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்க்க ஒரு பொய் சொல்லக்கூடாதா? செத்த மொழி, எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகுது?"

"அப்ப அட்டை?"

"அட்டை பாட்டுக்கு இருக்கட்டும். அதை யாரு படிக்கப் போறாங்க?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் இருபத்தாறு வருஷத்தைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லிக் கேட்பது வலிக்கத்தான் செய்தது. இருந்தும் அவர் யோசனை அகராதியம்மாவின் மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு பொய். கூரை. யாருக்கு என்ன நஷ்டம்?

வியாழக்கிழமை காலை பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அகழாய்வு நடக்கிற இடத்துக்கு நடந்தார். பையில் அந்த அட்டையும் இருந்தது; எதற்கு எடுத்துக்கொண்டோம் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. குழிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். இரண்டு பெண்கள் மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை ஷெட்டில் இருப்பதாகக் கை காட்டினார்கள்.

ஷெட்டில் தள்ளுவண்டி, சல்லடை, சுருட்டி வைத்த தார்ப்பாய். மூலையில் ஒரு பாயும் போர்வையும் மடித்திருந்தன. பாய்க்கு ஒரு முழம் தள்ளி, கட்டைகளின்மேல், சாக்குப் போர்த்திய அந்தப் பலகைக் கல். நாலு மாதமாக அந்த மனிதர் அதன் பக்கத்தில்தான் படுத்து எழுகிறார்.

"வாங்கம்மா," என்று கடப்பாரை எழுந்து, ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு." அவர் உட்கார்ந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். "அந்தச் சொல்லை மறுபடி ஆராய்ஞ்சு பார்த்தோம். அது பிள்ளை இல்லை. கூரை. வீட்டுக் கூரை. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

கடப்பாரை கல்மேல் விலகியிருந்த சாக்கை இழுத்துவிட்டார்.

"எப்படித் தெரிஞ்சுதும்மா?"

"வேற ஒரு கல்லு கிடைச்சுது. அதுல இருந்துச்சு."

"எனக்குத் தெரியாம எந்தக் கல்லு?" என்றார் கடப்பாரை.

அந்த வட்டாரத்தில் பூமிக்கு அடியிலிருந்து வந்த ஒவ்வொரு கல்லையும் தூக்கி வைத்தவர் அவர். இதை அகராதியம்மா யோசித்திருக்க வேண்டும். ஒரு சொல்லைப் பற்றி முக்கால் மணி நேரம் நிற்காமல் பேசுகிறவர் இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் சம்சாரம் வந்தாளா?"

"வந்தாங்க."

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலைம்மா. பேப்பர்க்காரங்ககிட்ட சொன்னப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பக்கத்துலதானே நின்னேன். இப்ப அந்த மூஞ்சி இல்லை."

"அன்னைக்குச் சொன்னதும் பொய்தான்," என்றார் அகராதியம்மா.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மை, பென்சில், மூன்று கல் எல்லாவற்றையும் சொன்னார். "இதுல பென்சில்லதான் எழுதியிருக்கணும். நான் மையில எழுதினேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். தெரியும்னு சொன்னேன். சந்தோஷத்துல சொன்னேன், பேர் வரும்னு சொன்னேன். கூரையா, மாடா, பிள்ளையா, எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. கடப்பாரை அட்டையை ஓரம் மடங்காமல் தார்ப்பாய்ச் சுருள்மேல் வைத்தார். கல்லை வைக்கிற அதே கைதான். பிறகு வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை அவகிட்ட சொல்லாதீங்க."

"ஏன்?"

"ஆஸ்பத்திரியில டாக்டரைக் கேட்டேன், தெரியலைன்னாங்க. நர்ஸைக் கேட்டேன், சில சமயம் இப்படி ஆயிடும், ஏன்னு சொல்ல முடியாதுன்னாங்க. எல்லாரும் தெரியாது தெரியாதுன்னாங்க. எங்க அம்மா மட்டும் தெரியும்னாங்க. முந்தின நாள் என் சம்சாரம் கடையில துணி மூட்டையைத் தூக்கினாளாம், அதான் பிள்ளையைத் தின்னுடுச்சாம். அவ காதுல விழட்டும்னே சொன்னாங்க. அவ அப்பதான் கண்ணு முழிச்சிருந்தா." அவர் அட்டையை விரலால் தொட்டார். "இன்னொருத்தரும் தெரியும்னு சொன்னது எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு. நீங்கதான். பேப்பர்லயே போட்டிருந்துச்சு. எங்க அம்மா சொல்றதைவிட அது பெருசு இல்லையா? நான் கல்லைத் தூக்கினேன், அதனாலதான், அவ ஒண்ணும் பண்ணலைன்னு வார்டுக்கே கேக்குற மாதிரி சொன்னேன். அம்மா வாயை மூடிட்டாங்க. சொந்தக்காரங்க வாயும் மூடிடுச்சு."

"அப்ப நீங்க சாபத்தை நம்பலையா?"

"அன்னைக்கு நம்பலை. மத்தவங்களுக்குச் சொல்லிச் சொல்லி..." சாக்குப் போர்த்திய கல்லைப் பார்த்தார். "பொண்ணு ஓடி வர்றப்ப இப்ப நிஜமாவே கை காலெல்லாம் நடுங்குதும்மா. ஒருவேளை உண்மையா இருந்துட்டா? உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், அந்தச் சொல்லு அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு என்ன குறையுது? அடியில கொடுத்த கட்டையை உருவினா கல்லு விழும். கீழ நிக்கிறது அவ."

ஒருத்தி பிள்ளை இல்லை என்று சொல்லச் சொல்கிறாள். ஒருத்தர் பிள்ளை என்றே இருக்கட்டும் என்கிறார். இரண்டு பேரும் கேட்பது நியாயம்தான். நியாயமில்லாதது அவர் அன்றைக்குப் போட்ட மை ஒன்றுதான்.

"நாளைக்கு மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்," என்றார் கடைசியில். "தெரியாதுன்னுதான் சொல்லப் போறேன். நான் ஒண்ணும் பொய்யே சொல்லாதவ இல்லை. தெரியாததைத் தெரியும்னு சொல்ல இனிமே எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான். நீங்களும் வாங்க."

கடப்பாரை அட்டையை எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து, பஸ் கிளம்பும்வரை நின்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அகராதியம்மா பழைய அட்டையைக் கிழித்தார். புது அட்டையில் சொல்லை எழுதி, அது வருகிற இரண்டு கல்லையும் குறித்து, கீழே பென்சிலால் 'தெரியவில்லை' என்று எழுதினார். இருபது வருஷத்துக்கு முந்தைய கட்டுரையைத் தாம் கைவிடுவதாக ஆய்விதழுக்கு நாலு வரிக் கடிதமும் எழுதினார். இயக்குநர் அதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்றார். ஆனால் தபாலில் போடத் தாமே எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அவர் அந்தச் சந்தில் நுழைந்தபோது, தெருமுனையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு கடப்பாரை நின்றிருந்தார். பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார்.

கதவைத் திறந்தவள் முதலில் அகராதியம்மாவைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள். நாலு மாதம் கழித்து வந்த புருஷனிடம் அவள் சொன்னது, "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க. கூட்டிப் பெருக்கியிருக்கேன்" என்பதுதான்.

இரண்டே அறை. சுவரோரமாக மடித்த சட்டைகள், பொத்தான் டப்பா, அறுந்த நூல். ஆணியில் சின்னக் கவுன் ஒன்று தொங்கியது. கடப்பாரை உள்ளே வந்து, எந்த நேரமும் போய்விடலாம் என்பதுபோலக் கதவை ஒட்டியே உட்கார்ந்தார்.

"தெரியாதும்மா," என்றார் அகராதியம்மா. நின்றுகொண்டேதான் சொன்னார். "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. பிள்ளையாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியும்னு பேப்பர்ல சொன்னது என் தப்பு. உங்க வீட்டுல இவ்வளவு நடந்ததுக்கு அது ஒரு காரணம். என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை."

காஜா எடுக்கிறவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மூட்டை தூக்கினதாலதானா?" என்றாள்.

"யாரு அப்படிச் சொன்னது?" என்றார் கடப்பாரை.

"யாரு சொல்லணும்? உங்க அம்மா சொன்னது என் காதுல விழலைன்னா நினைச்சீங்க? நீங்க கல்லைத் தூக்கினதாலன்னு கத்தினதும் விழுந்துச்சு. எனக்காகத்தான் சொல்றீங்கன்னு தெரியாதா எனக்கு? தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன். பேசாம இருந்தது சுகமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "பழியை நீங்க தூக்கிட்டுப் போனீங்க, கூடவே நீங்களும் போயிட்டீங்க. எனக்குப் பழி இருந்தாப் பரவாயில்லை, ஆள் வேணும். அந்தச் சொல்லு பிள்ளை இல்லைன்னு இந்த அம்மா சொல்லிட்டா பழி எம்மேலதான் வரும்னு தெரிஞ்சேதான் போய்க் கேட்டேன்."

எவ்வளவு பெரிய கல்லுக்கும் எங்கே கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்த மனிதருக்கு இங்கே பிடி கிடைக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில காகிதம் ஏதாவது கொடுத்தாங்களா?" என்று கேட்டார் அகராதியம்மா.

அவள் அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள். அகராதியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கல்வெட்டைப் படிக்கிற மாதிரி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்க எழுதியிருக்கு. இறப்புக்குக் காரணம் கண்டறியப்படவில்லை. நல்லாப் படிச்சவங்க, எல்லாப் பரிசோதனையும் பண்ணிட்டு, தெரியலைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எனக்கு இல்லாத நேர்மை அவங்களுக்கு இருந்திருக்கு. மூட்டைன்னு யாராவது சொன்னா, கல்லுன்னு யாராவது சொன்னா, அது நான் பேப்பர்ல சொன்ன மாதிரிதான். அவங்களுக்கும் தெரியாதும்மா."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. காஜா எடுக்கிறவள் காகிதத்தை வாங்கி அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தாள்.

"நான் முகத்தைப் பார்க்கலை," என்றார் கடப்பாரை திடீரென்று. "துணி சுத்திக் கொடுத்தாங்க. பயந்துட்டு விலக்கிப் பார்க்கலை. நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தான்?"

"உங்க மூக்கு," என்றாள் அவள். "முடி நிறைய."

அந்த மனிதர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நாலு மாதமாக அழ வேண்டியதெல்லாம் வந்தது. அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி அங்கே தமக்கு வேலையில்லை என்று அகராதியம்மாவுக்குத் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

வாசல் படியில், மண் அப்பிய பூட்ஸுகளுக்குப் பக்கத்தில், ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பை இன்னும் முதுகிலேயே இருந்தது.

"பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்றார் அகராதியம்மா.

"அப்பவே."

"ஏன் இங்க உட்கார்ந்திருக்கே? உள்ள உங்க அப்பா வந்திருக்காரு."

"தெரியும்." சிறுமி பூட்ஸைக் காட்டிவிட்டு, மெதுவாகப் பேசும்படி உதட்டில் விரலை வைத்தாள். "நான் உள்ள போனா அப்பா எழுந்து போயிடுவாரு. அவர் இருக்கட்டும். நான் இங்கயே இருந்துக்கிறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அழுகை நின்றது. யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் வெறுங்கால் நடந்து வரும் சத்தம். சிறுமி சட்டென்று எழுந்து, அப்பா போவதற்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். பூட்ஸ் இரண்டையும் அவர் கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தாள்.

கடப்பாரை வாசலுக்கு வந்தார். பூட்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அப்படியே அவள் உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்து, அவள் முதுகிலிருந்த பையைத் தாமே கழற்றிவிட, அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார்.